ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும் அட்டை

எங்கள் தெருக்கோடியில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அவளுடைய மாமியார் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பை முறித்துக் கொண்டார். வயது எழுபத்திரண்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்து, பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

பார்த்துவிட்டு வரலாம் என்று ஆறு சாத்துக்குடியை வாங்கிக் கொண்டு போனேன். "செலவு ரொம்ப ஆகியிருக்குமே அக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு பைசா கேக்கலை தங்கச்சி. காப்பீட்டு அட்டையைக் காட்டினோம், எல்லாம் அதுலயே போயிடுச்சு. மகராசனா இருக்கட்டும் அந்த அட்டையைக் கண்டுபிடிச்சவங்க" என்றாள். எனக்கும் மனசு நிறைந்து போயிற்று.

மூன்று மாதம் கழித்து, தைக்கத் துணி கொடுக்கப் போனேன். அக்காவின் காதில் தோடு இல்லை. தூர்ந்து போகாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகியிருந்தாள்.

"என்ன அக்கா இது? ஆபரேஷன் இனாம்தானே?"

"ஆபரேஷன் இனாம்தான். வீட்டுக்கு வந்தப்புறம் எதுவும் இனாம் இல்லையே!" என்றவள், அளவு எழுதி வைக்கும் நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மாத்திரை மூன்று மாதத்துக்கு 7,200 ரூபாய். பிடித்துக் கொண்டு நடக்க வாக்கர் 1,500. கமோடு நாற்காலி 3,200. உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவருக்கு இருபது முறைக்கு 8,000. டாக்டரிடம் மறுபடி காட்ட நாலு தடவை ஆட்டோ 2,000. டயப்பரும் ரப்பர் ஷீட்டும் 4,500. கூட்டினால் 26,400 ரூபாய்!

நோட்டில் ஏறாத கணக்கு ஒன்றும் உண்டு. தினம் ஆறு ரவிக்கை தைத்தவள் இரண்டு தைப்பதே பெரிதாகிவிட்டது. தூக்கி உட்கார வைக்கவும், துடைத்துவிடவும், ஊட்டிவிடவும் வேறு யார் இருக்கிறார்கள்?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் மாமியார் இருக்கிறார். வயது அறுபத்தாறு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. அவரிடம் எந்த அட்டையும் இல்லை. அட்டை உள்ள வீட்டிலேயே தோடு அடகுக்குப் போகிறது என்றால், இல்லாத வீட்டில் என்ன ஆகும்? மறுநாளிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தேன். தெரிந்து கொண்டதை உங்களோடும் பகிர்ந்து கொள்கிறேன்.

அட்டை எதற்கு உதவும்?

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு 1 லட்ச ரூபாய் வரை சிகிச்சை என்று இருந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று விரிந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்து இதனுடன் இணைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை என்று ஆயிற்று.

இதயத்தில் அடைப்பு, புற்றுநோய், எலும்பு முறிவு, சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் என்று குடும்பத்தையே கடனில் தள்ளும் வியாதிகளுக்கு இந்த அட்டை பெரிய கைத்தாங்கல். ஏற்கெனவே இருக்கிற வியாதி என்று சொல்லி ஒதுக்குவதில்லை. இதனால் பிழைத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனால் ஒன்று. இந்த அட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்காக ஏற்பட்டது. நோயாளி அட்மிட் ஆகிப் படுத்திருக்கும் வரையில் கூடவே இருக்கும். எழுந்து வீட்டுக்குக் கிளம்பினால், அது வாசலோடு நின்றுவிடும். முதுமையோ பெரும்பாலும் வீட்டில்தான் கழிகிறது. இடைவெளி விழுவது அங்கேதான்.

எங்கே நின்றுவிடுகிறது?

ஆயுஷ்மான் பாரத் விதிகளைப் படித்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

அட்மிட் ஆவதற்கு முந்தைய 3 நாள் பரிசோதனை, மருந்துச் செலவும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள் செலவும் சிகிச்சைத் தொகையில் சேரும். பதினாறாவது நாளிலிருந்து மாத்திரை நம் பொறுப்பு. முறிந்த இடுப்பு எலும்பு பதினைந்து நாளில் கூடிவிடுமா, சொல்லுங்கள்?

படுக்காமல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வெளிநோயாளி வைத்தியம் இதில் சேராது. சர்க்கரை மாத்திரை, கொதிப்பு மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை எல்லாமே இப்படிப்பட்ட செலவுதான். பெரியவர்களின் வைத்தியத்தில் முக்கால்வாசி இதுவாகத்தானே இருக்கிறது!

பல் சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, தேய்ந்த பல்லைச் சீர் செய்வது ஆகியவை கிடையாது. விபத்தில் தாடை உடைந்தது போன்ற விஷயங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பல் போன பாட்டி கஞ்சியும் குழைந்த சோறுமாகச் சாப்பிட்டு இளைத்துப் போகிறார். சத்துக் குறைந்து, தடுமாறி, விழுந்து எலும்பு முறிந்தால், அப்போது அட்டை உதவிக்கு வரும்!

தடுப்பூசிக்கும் இடமில்லை. டானிக்கும் வைட்டமின் மாத்திரையும் சிகிச்சையின் பகுதியாக இருந்தால்தான் உண்டு. வெறும் பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனாலும் செல்லாது.

எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் வைத்துக் கவனிக்கும் செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பக்கவாதத்தில் படுத்தவர், நினைவு தப்பிப்போனவர், இருட்டில் எழுந்து நடக்கும் தாத்தா என்று யாராக இருந்தாலும் ஆள் வைத்துப் பார்க்க அட்டையில் வழி இல்லை. அந்த ஆள் நாமேதான்.

அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே

இன்னொரு இடைவெளி வயதிலும் வருமானத்திலும் இருக்கிறது.

மாநிலத் திட்டத்தில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று இருந்ததைப் பிறகு 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மாதத்துக்குப் பத்தாயிரம். பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கும் மகனுடைய தாயார் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். அவரைப் பணக்காரி என்று யாராவது சொல்வார்களா?

2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு ஒரு பெரிய கதவைத் திறந்தது. 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு. ஆயுஷ்மான் வய வந்தனா என்று அந்த அட்டைக்குப் பெயர். ஏற்கெனவே ஆயுஷ்மான் குடும்ப அட்டை உள்ள வீட்டில், எழுபது கடந்தவர்களுக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம் உண்டு. தனியார் பாலிசியோ இ.எஸ்.ஐ. வசதியோ இருப்பவர்களும் சேரலாம். மத்திய அரசு ஊழியருக்கான சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். போன்றவற்றில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக் கொள்ளலாம்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 5 லட்சம் என்பது குடும்பத்துக்குத்தான், ஆளுக்கல்ல. தாத்தாவும் பாட்டியும் எழுபதைத் தாண்டியவர்கள் என்றால் இருவரும் அதைப் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். இதுவும் அட்மிட் ஆனால் உதவும் அட்டைதான், மாத்திரைக்கு ஆகாது.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அறுபது வயதானாலே மூத்த குடிமக்கள் என்கிறது. வருமானம் பார்க்காத காப்பீடோ எழுபதில்தான் கைக்கு வருகிறது. நடுவில் இருக்கும் பத்து வருஷம் எப்படிப்பட்டது? வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸும் போய், முட்டி வலியும் சர்க்கரையும் வந்து சேரும் காலம் அல்லவா அது? என் மாமியார் இந்தப் பத்து வருஷத்தின் நடுவில்தான் நிற்கிறார்.

தனியார் பாலிசி எடுத்தால் என்ன?

நானும் இதைத்தான் யோசித்தேன். முன்பெல்லாம் அறுபத்தைந்து வயதைத் தாண்டினால் புதிதாகப் பாலிசி எடுப்பது கஷ்டம். 2024 ஏப்ரலிலிருந்து வயது வரம்பை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் நீக்கியிருக்கிறது. ஏற்கெனவே உள்ள வியாதிக்குக் காத்திருக்கச் சொல்லும் காலம் அதிகபட்சம் 4 வருஷமாக இருந்தது, 3 வருஷமாகக் குறைந்தது. மூத்த குடிமக்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்து கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர் பாலிசி மேல் போட்டுவந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

எல்லாம் நல்ல மாற்றங்களே. ஆனாலும் வயது வரம்பு போனதால் பாலிசி நிச்சயம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. வியாதியைப் பார்த்துக் கம்பெனி மறுக்கலாம். கொடுத்தாலும் வயதுக்கேற்ற பிரீமியம் இருக்கும். பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பல மூத்தோர் பாலிசிகளில் உண்டு. கையெழுத்துப் போடும் முன், "எங்கள் பங்கு எவ்வளவு? எந்த வியாதிக்கு எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்? அறை வாடகைக்கு வரம்பு உண்டா?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். இருக்கிற வியாதியை ஒரு நாளும் மறைக்காதீர்கள். பின்னால் பணம் கேட்கும்போது அதுவே வினையாக முடியும்.

முப்பது வயதில் இருக்கும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. நம் பெற்றோர் ஐம்பதுகளில் இருக்கும்போதே பாலிசி எடுத்துவிட்டால், காத்திருக்கும் காலம் அவர்கள் ஆரோக்கியமாக இருக்கும்போதே கழிந்துவிடும்.

இடைவெளியை எப்படி அடைப்பது?

அட்டை தராததை வேறு இடங்களில் தேட வேண்டும். தேடினால் கொஞ்சம் கிடைக்கத்தான் செய்கிறது.

மாதாந்திர மாத்திரைக்கு முதலில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அரசு ஆஸ்பத்திரியையும் நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் ஏற்படுத்தி, மருந்துகளை மொத்தமாக வாங்கி, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் முறை வந்தது. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் அங்கே இலவசமாக மாத்திரை கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து கொடுப்பது, உடற்பயிற்சி சொல்லித் தருவது, படுக்கையில் இருப்பவர்களைப் பார்ப்பது ஆகியவை அடக்கம். பெயர் பதிந்திருக்கிறதா என்று உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடையில்தான் வாங்க வேண்டும் என்றால், கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்கும் மக்கள் மருந்தகங்களில் விலை மிகவும் குறைவு. டாக்டரிடம், "மருந்தின் பெயரை எழுதித் தாருங்கள்" என்று கேட்பதில் வெட்கம் என்ன? மாற்றி வாங்கும்போது டாக்டரைக் கேட்காமல் மட்டும் மாற்றாதீர்கள்.

பல் செட், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, ஊன்றுகோல் ஆகியவற்றுக்கு 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ என்ற மத்தியத் திட்டம் இருக்கிறது. அறுபது வயது நிறைந்த, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் மாதம் 15,000 ரூபாய்க்குள் வருமானம் உள்ளவர்களுக்கும் முகாம் வைத்துக் கொடுக்கிறார்கள். முகாம் எப்போது என்று மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

முதியோருக்கென்றே தனி வைத்தியம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஐந்து வியாதிக்கு ஐந்து டாக்டரைப் பார்த்துப் பதினைந்து மாத்திரை விழுங்கும் பெரியவர்களை இப்படிப்பட்ட இடத்தில் ஒரு முறை காட்டினால், வேண்டாத மாத்திரை குறையவும் வழி உண்டு.

கவனிப்புக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

வீட்டில் வைத்துக் கவனிக்கும் சுமை நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு 1965-ல் சட்டமான மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு இருக்கிறது. அதன் மூலத் திட்டத்திலும் சாதாரணப் பல் வைத்தியம், காது கேட்கும் கருவி, நெடுநாள் வீட்டுக் கவனிப்பு ஆகியவை இல்லை.

ஜப்பானில் வேறு விதமாக யோசித்தார்கள். 2000 ஏப்ரலில் கவனிப்புக்கென்றே தனிக் காப்பீட்டைக் கொண்டு வந்தார்கள். நாற்பது வயதானவர் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். பதிலுக்கு, தளர்ந்த பெரியவரைக் குளிப்பாட்டவும், வீட்டுக்கு வந்து உதவவும், பகலில் பார்த்துக் கொள்ளவும் ஆள் கிடைக்கும். அதுவரை அங்கேயும் மருமகள்கள்தான் இந்த வேலையைச் செய்து வந்தார்கள்.

மாமியாருக்குச் செய்வதைக் கூலி வேலை என்று யாரும் சொல்ல வரவில்லை. ஆனால் அது வேலை. அதற்கு நேரம் போகிறது, வருமானம் போகிறது, முதுகும் போகிறது. அட்டையில் இந்த வேலைக்கும் ஒரு வரி என்று சேருகிறதோ அன்றுதான் அது முழு அட்டை. அதுவரை, வீட்டில் உள்ள ஆண்கள் பகிர்ந்து கொள்ளட்டும். ராத்திரி ஒரு தடவை எழுந்து அம்மாவைப் பாத்ரூமுக்கு அழைத்துப் போவது மகனுக்குக் குறைச்சலா என்ன?

இந்த வாரமே செய்யுங்கள்

* ஆதாரில் பெரியவர்களின் பிறந்த வருஷத்தைப் பாருங்கள். எழுபது வயதா என்பதை அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். குத்துமதிப்பாக எழுதியிருந்தால், சான்று இருக்கும்போதே திருத்துங்கள்.

* பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கைரேகை அழிந்து போயிருக்கலாம். பயப்பட வேண்டாம். கருவிழி, முகம், செல்போனுக்கு வரும் எண் ஆகியவற்றாலும் ஆயுஷ்மான் அட்டைக்குப் பதியலாம். ஆதாரில் செல்போன் எண் சேர்த்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

* மாநிலத் திட்டத்துக்கு வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993. ஆயுஷ்மான் பற்றிக் கேட்க 14555.

* பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லும் என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஒரே ஆஸ்பத்திரியில் இதயத்துக்குச் செல்லும் அட்டை எலும்புக்குச் செல்லாமல் போகலாம்.

* சேர்க்கும்போதே அட்டையைக் காட்டுங்கள். முதலில் கட்டிவிட்டுப் பிறகு ரசீதைக் காட்டி வாங்கிக் கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

* மாதம் முந்நூறோ ஐந்நூறோ, பெரியவர்களின் மாத்திரைக்கென்று தனி உண்டியல் போடுங்கள். அட்டை இருக்கும் வீட்டிலும் இது வேண்டும்.

* பாத்ரூமில் ஒரு கைப்பிடிக் கம்பி, ராத்திரி எரிய ஒரு சின்ன விளக்கு, பாசி பிடிக்காத தரை. இதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் உலகத்தில் கிடையாது!

நான் முதலில் செய்தது கடைசியில் சொன்னதைத்தான். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கம்பி அடித்தாயிற்று. "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், நான் என்ன கிழவியா?" என்று என் மாமியார் முதல் நாள் முறைத்தார். இப்போது அதைப் பிடிக்காமல் எழுந்திருப்பதில்லை. அவருடைய மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட்டோம். மிச்சமாகும் பணம் உண்டியலுக்குப் போகிறது. இன்னும் நாலு வருஷம் இருக்கிறது அவருக்கு எழுபதாக. அதுவரை உண்டியலும் கம்பியும்தான் எங்கள் அட்டை.

தையல்கார அக்கா வீட்டுக்கும் சுகாதார நிலையத்திலிருந்து மாத்திரை வருகிறது. உடற்பயிற்சிக்கும் அங்கிருந்தே ஆள் வருகிறார். போன வாரம் எட்டிப் பார்த்தேன். மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் மாட்டிக் கொண்டு, ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக் கொண்டிருந்தார்.

"அத்தை தைக்கற ஊக்கு அறுந்தே போகாது தங்கச்சி" என்றாள் அக்கா. காதில் இன்னும் வேப்பங்குச்சிதான். "பொங்கலுக்குள்ள மீட்டுடுவேன்" என்று சிரித்தாள்.

மீட்டுவிடுவாள். ஆனால், அட்டை இருந்த வீட்டில் அந்தத் தோடு அடகுக்குப் போயிருக்கவே வேண்டாம் அல்லவா?